சிவப்புப் பென்சில்

கலங்கரை விளக்கங்களின் நாட்குறிப்புகள்
மாதம் ஒருமுறை அஞ்சல் படகில் பூடோவுக்கு வரும்.
மீன்வாடை அடிக்கும் பதினேழு நோட்டுகள்.
படித்துச் சரிபார்ப்பது என் வேலை.
காற்று: திசை, வேகம்.
கடல்: அலை உயரம், மீட்டரில்.
தெரிவுநிலை: எத்தனை மைல்.
ஓரத்தில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
இரண்டு விரல் அகலம்.
அந்த இரண்டு விரலுக்குள்தான்
ஸ்கார்வோய் தீவின் ரன்வெய்க் குடியிருந்தாள்.

"கொடி வராதே வராதே என்கிறது" என்று எழுதுவாள்.
கொடிக்கு வாய் இல்லை என்று எழுதி அடிப்பேன்.
"வாடகை பாக்கி கேட்டு வந்தவனைப் போலத்
தட்டுகிறது காற்று."
அடிப்பேன்.
"கருணையுள்ள கடல். வேலியை மட்டும் எடுத்துக்கொண்டது."
புகழ்வதுபோல் பழிக்கிறாள் என்பது
இரண்டு நாள் கழித்து, சவரம் செய்யும்போது உறைத்தது.
நோட்டைத் தேடியெடுத்து அதையும் அடித்தேன்.

ஜனவரியில் ஒரு வரி:
"நேற்றிரவு கடல் சமையலறைக்கு வந்து போனது."
மிகை என்று எழுதி, இரண்டு கோடு.
மே மாதம் ஆய்வுக்குப் போனேன்.
காப்பிக் கோப்பையை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால்
சுவர் நெடுக உப்பு ஒரு வெள்ளைக் கோடு,
பீங்கான் தட்டுகளுக்கு ஒரு சாண் கீழே.
அளந்தேன். நூற்று முப்பத்தொரு சென்டிமீட்டர்.
கரண்டிப் பெட்டியில் இன்னும் மணல்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
சர்க்கரை வேண்டுமா என்றாள்.

இனி எழுதியதை எழுதியபடியே நம்புவது என்று முடிவெடுத்தேன்.
அதுதான் அடுத்த தவறு.

அக்டோபரில் தந்தி:
"கிழவனுக்குக் குரல் போய்விட்டது. அவசரம்."
அந்தத் தீவில் கிழவர் எவரும் பதிவேட்டில் இல்லை.
இருக்கட்டும், மனிதர்தானே என்று
மருத்துவர் ஓஸ்முன்டைப் படகேற்றினேன்,
இருமல் மருந்தோடும் கம்பளி மஃப்ளரோடும்.
பனிமூட்டத்தில் நான்கு மணி நேரம்
தடவித் தடவிப் போய்ச் சேர்ந்தார்.
அவள் அவரை ஏணியேற்றி
மூடுபனிச் சங்கின் முன்னால் நிறுத்தினாள்.
பித்தளைத் தொண்டை. அறுபது வருடம் ஊதியது.
மருத்துவரைக் குறை சொல்லக்கூடாது:
காதுக்குழாயை எடுத்து
அதன் வயிற்றில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

மெக்கானிக் போய்ச் சேர்வதற்குள் ஆறு நாள்.
ஐந்தாம் நாள் ஒரு காட் மீன் படகு பாறையில் உரசியது.
எல்லோரும் பிழைத்தார்கள்.
ஒருவனுக்கு இரண்டு விரல் போயிற்று.
இரண்டு விரல், குறிப்புக் கட்டத்தின் அகலம்.
இந்த ஒப்புமையை நான் தேடிப் போகவில்லை.
அதுவாக வந்து உட்கார்ந்தது,
எழுந்து போகமாட்டேன் என்கிறது.

சங்கு என்று ஏன் எழுதவில்லை?
விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டேன்.
"இருபது வருடமாக இங்கே அவன் பெயர் கிழவன்தான்.
என் நோட்டுகளில் எழுபது இடத்தில் இருக்கிறான்.
அடித்தீர்கள்.
படித்தீர்களா?"

பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினேன்.
சிவப்புக் கோட்டுக்கு அடியில் வாசிப்பது
பனிக்குள் துடுப்புப் போடுவது போல...
இல்லை, கஷ்டமாக இருந்தது, அவ்வளவுதான்.
கிழவனுக்கு எண்ணெய் போட்டேன்.
கிழவன் இரண்டு நாளாகத் தூங்கவில்லை.
கிழவன் இருமுகிறான், ஆள் அனுப்பினால் நல்லது.
ஆகஸ்ட் மாதத்துத் தேதி.
எனது கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது, நேராக இருந்தது.

இந்த மார்ச்சில் மறுபடி தந்தி:
"கடல் இன்று பால்."
பென்சில் மேசையிலேயே கிடந்தது.
பால் என்றால் அசையாமல் கிடக்கிறதா,
வெள்ளையாக மூடிக் கிடக்கிறதா?
முதலாவது என்றால் படகுகளை விடலாம்.
"பாலா, பால் போலவா? எந்த வகையில்?" என்று கேட்டேன்.
அரை மணியில் பதில், அவள் காசில்:
"போலவுக்குத் தனிக் கட்டணம். வந்து குடித்துப் பாருங்கள்."

படகுகளை நிறுத்தச் சொன்னேன்.
தெரிவுநிலைக் கட்டத்தில்
மைல் என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டுப்
பால் என்று எழுதினேன்.